அன்னையின் இடுப்பில் அமைந்த வாசல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை செல்லும் பேருந்தில் நீங்கள் எப்போதேனும் பயணம் செய்ததுண்டா? சமவெளி முடிந்து, சாலை மலையேறத் தொடங்கியபின் வெளியே நோக்கினால் ஒரு காட்சி கண்ணில் படக்கூடும். தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் ஒரு குழந்தை. ஒரு கை சுமையைப் பிடித்திருக்க, மறு கை குழந்தையை அணைத்திருக்க, கல்வராயன் மலையின் மேட்டுப்பாதையில் ஒரு தாய் நடந்து செல்வாள்.

அந்தக் குழந்தை எதன்மீது அமர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? தாயின் கை அதனை அணைத்து நிற்கிறதேயன்றி முழுப் பாரத்தையும் தாங்கவில்லை. தாங்குவது அவளுடைய இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. தலைச்சுமையின் பாரமும் முதுகெலும்பின் வழியே இறங்கி அதே எலும்பைத்தான் வந்தடைகிறது. அந்தக் குழந்தை இவ்வுலகுக்கு வந்த வாசலும் அதே எலும்புகளுக்கு நடுவேதான் அமைந்திருக்கிறது. சுமைதாங்கியாகவும், இருக்கையாகவும், வாசலாகவும் ஓர் எலும்புக் கூட்டைப் படைத்த அல்லாஹ்வின் வல்லமையை என்னென்பது!

அன்புச் சகோதர சகோதரியரே! இந்த எலும்பைப் பற்றி நம் வீடுகளில் எவரும் பேசுவதில்லை. மகளோ மருமகளோ பிரசவ அறையில் இருக்கும்போது, 'வழி சிறியதாக இருக்கிறது. ஆப்பரேஷன் செய்யவேண்டும்' என்று செவிலியர் வந்து சொல்லும் வேளையில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறோம். அப்போது எதையும் கேட்டறியவோ சிந்திக்கவோ நேரம் இருப்பதில்லை. மார்க்க விளக்கம் கேட்பதற்கு நாணத்தைத் தடையாகக் கொள்ளாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அதே துணிவுடன் நாமும் இதனை முன்கூட்டியே அறிந்துகொள்வோம்.

கையால் தொட்டறியலாம்

இரு கைகளையும் இடுப்பின் இருபுறமும் வைத்து, விலாவுக்குக் கீழே சற்று அழுத்திப் பாருங்கள். வளைந்த ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். 'இலியம்' எனப்படும் எலும்பின் முகடு அது. குழந்தை அமர்வதும் தண்ணீர்க் குடம் தங்குவதும் இதன்மேல்தான்.

இரு முகடுகளின் உச்சிகளையும் முதுகுப்புறமாக ஒரு கோட்டால் இணைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அக்கோடு, இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகளில் நான்காவதை ஒட்டிச் செல்லும். ஆப்பரேஷனுக்கு முன் முதுகில் மயக்க ஊசி போடும் மருத்துவர் தம் விரலால் தேடுவது இக்கோட்டைத்தான். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இதற்கு மேலேயே, முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவில் முடிந்துவிடுகிறது. ஆகவே கோட்டை ஒட்டிப் போடப்படும் ஊசி தண்டுவடத்தைத் தொடுவதில்லை. அந்த ஊசியால் ஆயுள் முழுவதும் முதுகுவலி வரும் என்று நம் பெண்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

இனி, முகட்டின் வழியே விரலை முன்புறமாக நகர்த்துங்கள். அடிவயிற்றின் ஓரத்தில் கூர்மையான ஒரு முனையில் விரல் நிற்கும். ஒரு கால் குட்டையாக இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர் இம்முனையிலிருந்துதான் உள்கணுக்கால் வரை நாடா பிடித்து அளக்கிறார். அங்கிருந்து நடுவே கீழ்நோக்கி வந்தால், அடிவயிறு முடியும் இடத்தில் குறுக்காக ஓர் எலும்பு தட்டுப்படும். 'பியூபிஸ்' எனப்படும் பூப்பெலும்பு இது. வலமும் இடமுமாக இரண்டு பூப்பெலும்புகள் நடுவே ஒரு குருத்தெலும்பால் இணைந்திருக்கின்றன.

நோன்பு திறக்கப் பாயில் சம்மணமிட்டு அமரும்போது தரையில் அழுந்தும் இரண்டு எலும்புகளை உணர்ந்திருப்பீர்கள். அவை 'இஸ்கியம்' என்னும் எலும்பின் அடிமேடுகள். அந்த மேட்டுக்கு மேலே, உட்புறத்தில், கைக்கு எட்டாதவாறு ஒரு சிறிய எலும்பு முள் இருபுறமும் உண்டு. இந்த முள்ளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுநேரத்தில் அது நமக்குத் தேவைப்படும்.

இளமையில் பல, முதுமையில் ஒன்று

இலியம், இஸ்கியம், பியூபிஸ் ஆகிய மூன்றும் பிறக்கும் குழந்தைக்குத் தனித்தனி எலும்புகள். தொடையெலும்பின் பந்து போன்ற தலை பொருந்தும் கிண்ணக்குழியில் இவை மூன்றும் சந்திக்கின்றன. ருகூஉவில் நாம் குனியும்போதும் ஸஜ்தாவுக்குச் செல்லும்போதும் அசைவது இந்தக் கிண்ணத்தில் பொருந்திய மூட்டு. சிறுவயதில் மூன்றுக்கும் இடையே குருத்தெலும்பு இருக்கும். ஏறத்தாழ 14 முதல் 17 வயதுக்குள் அது எலும்பாக மாறி மூன்றும் ஒன்றாகின்றன. இடுப்பு முகட்டின் விளிம்போ 20 வயதைத் தாண்டிய பின்னரே முழுமையாக ஒட்டுகிறது.

பின்புறத்தில் 'சேக்ரம்' என்னும் திரிக எலும்பு, இரு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே ஆப்பு அடித்தாற்போல் பொருந்தியிருக்கிறது. இதுவும் இளமையில் ஐந்து முள்ளெலும்புகள். ஏறத்தாழ 25 வயதுக்குள் ஒரே எலும்பாகிவிடுகிறது. அதன் நுனியில் தொங்குவது வாலெலும்பு.

வாலெலும்பு என்றதும் மார்க்கம் அறிந்த வாசகர்களுக்கு 'அஜ்புத் தனப்' நினைவுக்கு வரும். மனித உடல் மண்ணில் மக்கினும் அஜ்புத் தனப் எஞ்சும் என்றும், மறுமையில் அதிலிருந்தே மனிதன் மீண்டும் இணைத்து எழுப்பப்படுவான் என்றும் பொருள்படும் நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் பதிவுசெய்துள்ளன.

இந்த எலும்புகளைத் தம் கண்ணால் ஆராய்ந்த ஒரு முஸ்லிம் அறிஞரையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அவர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதீ (1162-1231). எகிப்தை 1200 முதல் 1202 வரை கொடும் பஞ்சம் வாட்டியபோது அவர் அங்கிருந்தார். கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்வையிட்டார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸ் எழுதியிருந்ததை அதுவரை எல்லோரும் அப்படியே நம்பியிருந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை நோக்கி, அது ஒரே எலும்புதான் என்று அல் பக்தாதீ நிறுவினார். திரிக எலும்பையும் வாலெலும்பையும் அவர் விடவில்லை. பெரும்பாலான கூடுகளில் அவை ஜாலீனூஸ் கூறியவாறே பலவாகவும், மிகச் சிலவற்றில் ஒன்றாகவும் இருக்கக் கண்டு, கண்டதை உள்ளவாறே எழுதிவைத்தார். வயதுக்கேற்ப இவ்வெலும்புகள் ஒட்டும் முறையை இன்று அறிந்த நமக்கு அந்த வேறுபாடு வியப்பளிப்பதில்லை. நூலில் உள்ளதைக் கண்ணால் சரிபார்த்த அவருடைய நேர்மையே வியப்பளிக்கிறது.

உள்ளே ஒரு வாசல்

இரு இடுப்பெலும்புகளும் திரிக எலும்பும் வாலெலும்பும் சேர்ந்து உருவாக்கும் கிண்ணத்தை மருத்துவத் தமிழில் 'கூபகம்' என்பர். கூபம் என்றால் கிணறு. அடியில்லாத கிணற்றைப் போல் இதற்கு மேல்வாயும் உண்டு, கீழ்வாயும் உண்டு.

ஆண்களின் கூபகம் ஒடுங்கி ஆழமாக இருக்கும். பெண்களுடையது அகன்று ஆழம் குறைந்திருக்கும். பூப்பெலும்புகளுக்குக் கீழுள்ள வளைவு ஆண்களுக்குக் கூர்ங்கோணமாகவும் பெண்களுக்கு ஏறத்தாழச் செங்கோணம் வரை விரிந்தும் காணப்படும். எலும்புக்கூட்டைக் கண்டு ஆணா பெண்ணா என்று தடயவியல் மருத்துவர்கள் கூறுவது பெரிதும் இதைக்கொண்டே.

நன்கு வளர்ந்த பெண்ணின் கூபக மேல்வாய் குறுக்காக ஏறத்தாழ 13 சென்டிமீட்டரும், முன்பின்னாக 11 சென்டிமீட்டரும் இருக்கும். நடுவில், சற்றுமுன் நினைவில் வைக்கச் சொன்ன இரு முட்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் அளவே உண்டு. மாதம் நிறைந்த குழந்தையின் தலை குறுக்களவில் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். எவ்வளவு நெருக்கமான கணக்கு, பார்த்தீர்களா!

மேல்வாய் குறுக்கே அகலம். கீழ்வாய் முன்பின்னாக அகலம். ஆதலால் குழந்தை பக்கவாட்டில் முகம் வைத்து உள்ளே நுழைந்து, நடுவழியில் திரும்பி, தாயின் முதுகை நோக்கிய முகத்துடன் பெரும்பாலும் வெளிவருகிறது. அதன் மண்டையெலும்புகள் இன்னும் ஒட்டாதிருப்பதால் வழிக்கேற்பச் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளைந்துகொடுக்கின்றன. தாயின் கூபக இணைப்புகளும் கர்ப்பகாலச் சுரப்புகளால் சற்றே நெகிழ்கின்றன. வாலெலும்பு பின்னோக்கி அசைந்து இடம் விடுகிறது.

பிரசவ அறையில் மருத்துவர் உள்ளே பரிசோதிக்கும்போது தேடுவது அந்த இரு முட்களையே. குழந்தையின் தலை முட்களின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதைச் சுழியம் எனக் குறிப்பார். மேலே நின்றால் கழித்தல் குறி, கீழே இறங்கினால் கூட்டல் குறி. ஆதலால் 'ஆப்பரேஷன்' என்று சொல்லப்படும்போது குடும்பத்தார் பதற்றமின்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. தலை முள்வரை இறங்கியிருக்கிறதா? எத்தனை மணிநேரமாக ஒரே இடத்தில் நிற்கிறது? குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது?

தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் ஆப்பரேஷன் மூலம் நடைபெற்றன. இவை அனைத்தும் எலும்பின் குறுகலால் நேர்ந்தவை அல்ல. எனவே கேள்வி கேட்பது உங்கள் உரிமை. அதேவேளையில், தலை இறங்காமல் நிற்கும்போது ஆப்பரேஷனை மறுப்பது தாய், சேய் இருவர் உயிரையும் பணயம் வைப்பதாகும். இரண்டையும் பிரித்தறிய இந்தச் சிறிய அறிவு உதவும்.

இளவயதின் எலும்பு

பருவமடைந்த பெண் விரைவில் உயர்ந்து வளர்ந்துவிடுகிறாள். 'வளர்ந்துவிட்டாளே, இனியென்ன?' என்று பெற்றோர் வரன் பார்க்கத் தொடங்குகின்றனர். ஆனால் உயரத்தைப் போல் விரைவாகக் கூபகம் வளர்வதில்லை. உயரம் நின்ற பின்னரும் அந்த வாசல் மெல்ல மெல்ல அகன்றுகொண்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பெண்ணின் கூபகம் 25 முதல் 30 வயதுக்குள்தான் மகப்பேற்றுக்கு மிக ஏற்ற அளவை அடைகிறது எனக் காட்டியது. கிண்ணக்குழியின் குருத்தெலும்பே அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருக்கும் 16 வயதுச் சிறுமியின் வாசல் என்ன நிலையில் இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாசல் போதாமல் தலை பல மணிநேரம் சிக்கி நின்றால் என்னவாகும்? குழந்தையின் தலைக்கும் தாயின் பூப்பெலும்புக்கும் இடையே சிறுநீர்ப்பை நசுங்கும். இரத்த ஓட்டமின்றி அப்பகுதித் தசை அழுகி, துளை விழும். பிறகு சிறுநீர் இடைவிடாது கசியும். குழந்தையையும் இழந்து, உடையும் நனைந்து, உற்றாரும் ஒதுக்க, மூலையில் முடங்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை எச்சரித்தவர் இப்னு சீனா (980-1037) அவர்கள். மிக இளவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்களுக்குக் கருவின் பருமனால் சிறுநீர்ப்பை கிழிந்து தீராத நோய் நேரலாம். ஆகவே அத்தகையோர்க்குக் கருத்தரிப்பைத் தவிர்க்கும் வழியை மருத்துவர் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்தைத் தம் 'அல் கானூன்' நூலில் அவர் எழுதினார். அன்று தீராததாக இருந்த அந்நோயை இன்று அறுவை மருத்துவத்தால் பெரும்பாலும் சரிசெய்ய முடிகிறது. அதுவரையிலும் அப்பெண் தொழுகையிலிருந்து விலக்கப்பட்டவள் அல்லள். இடைவிடாத உபாதை உள்ளவர்க்குரிய சலுகைப்படி ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூச் செய்து தொழலாம். அவளை ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை.

இளவயதுத் திருமணம் மலைமக்களின் வழக்கம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சமவெளியிலும் அது நடக்கிறது. நம் மஹல்லாக்களிலும் நடக்கிறது. 18 வயது நிறைவடையும் முன் பெண்ணுக்கு மணமுடிப்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எலும்பு கேட்பதோ அதனினும் சற்றுக் கூடுதலான பொறுமை.

வெயிலும் உணவும்

வயது நிறைந்தாலும் எலும்பு வலுவாக இருக்க வேண்டுமே! இதற்குக் காஷ்மீரில் ஒரு படிப்பினை உண்டு. ஸ்ரீநகரில் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் கேத்லீன் வாகன், 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். நகரத்தின் இருண்ட அறைகளை விட்டு வெளிவராத பெண்களின் எலும்புகள் மென்மையாகி, கூபகம் உருக்குலைந்து, பிரசவம் இயலாமற் போவதை அவர் கண்டார். மேலிருந்து உடற்பாரம் திரிக எலும்பை அழுத்த, இருபுறமும் தொடையெலும்புகள் உள்நோக்கித் தள்ள, வாசல் நசுங்கிவிடுகிறது. அதே ஊரில் படகிலும் வயலிலும் வெயிலில் உழைத்த பெண்களிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது. தோலில் வெயில் படும்போது உண்டாகும் வைட்டமின் 'டி' கிடைக்காததே காரணம்.

இதனை ஹிஜாபின் குற்றமாகக் கருதவேண்டாம். குற்றம் வெளிச்சமில்லாத வீட்டினுடையது. அந்நியர் பார்வை படாத முற்றத்திலோ மொட்டைமாடியிலோ நம் பெண்மக்கள் கை, கால், முகத்தில் வெயில் பட அமர மார்க்கம் தடை சொல்லவில்லை. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. வீடு கட்டுவோர் இதனையும் கணக்கிற்கொள்ளட்டும்.

உணவிலும் கவனம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் கூடுதலான சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவையும் எலும்புக்கு உரமூட்டும். நல்ல இறைச்சித் துண்டையும் முட்டையையும் ஆண்மக்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீந்ததைப் பெண்மக்களுக்கு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. அந்த வீட்டின் பேரக் குழந்தை வரவேண்டிய வாசலைத்தான் அவர்கள் அறியாமல் குறுக்கிக்கொண்டிருக்கின்றனர்.

அந்த நாள் வரும்போது

பிரசவ நாளன்று எந்த மருந்தாலும் எலும்பை அகலப்படுத்த முடியாது. அன்று நம் கையில் இருப்பது நேரம் ஒன்றே. கல்வராயன் மலையின் சிற்றூரில் வாழும் கர்ப்பிணிக்கு அந்த நேரம் பாதையிலேயே கழிந்துவிடும் அபாயம் உண்டு. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்திருக்கிறது. எனினும் மலையின் வளைவுகளை இறங்கித்தானே அங்கு வரவேண்டும்! அதனால்தான், நாள் நெருங்கும் முன்பே கர்ப்பிணிகள் வந்து தங்குவதற்கான காத்திருப்பு அறை முறை தமிழ்நாட்டின் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொண்டுவரப்பட்டது.

நகரத்தில் வாழும் நமக்குப் பாதை இருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஊர்தியும் இருக்கிறது. ஆயினும் நாம் வேறு வகையில் நேரத்தை இழக்கிறோம். 'பெரியவர்கள் வரட்டும்', 'மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து போனில் சம்மதம் சொல்லட்டும்' என்று காத்திருக்கிறோம். அந்தச் சம்மதத்தை ஏழாம் மாதத்திலேயே பேசி முடித்துவைக்கலாமே! 145 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரம், இடுப்பில் பழைய முறிவு, சிறுவயதில் போலியோவாலோ எலும்பு நோயாலோ நேர்ந்த ஊனம், முந்தைய ஆப்பரேஷன் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கூறிவிடுங்கள். வலி தொடங்கி 12 மணிநேரம் கடந்தும் பிறக்கவில்லையெனில் வீட்டில் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். பனிக்குட நீர் பச்சை நிறமாக இருந்தாலும், இரத்தப்போக்குக் கண்டாலும் அவ்வாறே.

அன்னை மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில் பேரீச்ச மரத்தடியை அடைந்த வரலாற்றைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். தன்னந்தனியே தவித்த அவர்களுக்கு இறைவன் ஆறுதல் மொழியையும், பருக நீரையும், உண்ணக் கனியையும் அருளினான். நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த வேளையில் இவற்றை அளிக்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவற்றுடன் உறுதியான எலும்பும், நிறைந்த வயதும், தாமதமில்லாத ஊர்தியும் சேரட்டும்.

இன்று மாலை உங்கள் மகள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்பாளானால், ஒரு கணம் அவளை நோக்குங்கள். தம்பி அமர்ந்திருக்கும் அந்த எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது வளர்ந்து முடியும்வரை காத்திருக்கும் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.